டீஃபோவின் பிளேக் புத்தகமும் பொய் சொன்ன பட்டியலும்

டேனியல் டீஃபோவை நமக்கு 'ராபின்சன் குரூசோ' எழுதியவராகத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் சுருக்கப் பதிப்பு படித்திருப்போம், அதோடு சரி. அவர் 1722-ல் வெளியிட்ட 'எ ஜர்னல் ஆஃப் தி பிளேக் இயர்' என்ற புத்தகத்தைக் கொரோனா வந்த பிறகுதான் பலரும் தூசி தட்டி எடுத்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஊரடங்கு சமயத்தில் ஒருமுறை, பிறகு நிதானமாக இரண்டு முறை என்று மூன்று தடவை படித்தாயிற்று. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் காட்சிகள் சில உண்டு: ராத்திரியில் மணியடித்துக்கொண்டு வரும் பிணவண்டி, தலையில் நெருப்புச் சட்டியோடு நிர்வாணமாகத் தெருவில் அலையும் சாலமன் ஈகிள், ஆல்ட்கேட்டில் வெட்டிய பெருங்குழி. எல்லாமே நல்ல காட்சிகள்தான். ஆனால் எனக்கு இந்தப் புத்தகத்தின் உயிர் வேறு ஓர் இடத்தில் இருப்பதாகப் படுகிறது. ஆரம்பப் பக்கங்களிலேயே வரும் ஐந்து எண்கள்.

291, 349, 394, 415, 474.

1664 டிசம்பர் கடைசியிலிருந்து 1665 ஜனவரி 24 வரை, லண்டனில் வாராவாரம் புதைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இது. அந்த ஊரில் சாதாரணமாக வாரத்துக்கு 240-லிருந்து 300 பேர் வரை புதைக்கப்படுவார்கள் என்று கதைசொல்லி முதலிலேயே சொல்லிவிடுகிறார். டிசம்பரில் டிரூரி லேன் பக்கம் இரண்டு பேர் பிளேக்கில் செத்தார்கள். அந்த வீட்டார் விஷயத்தை மறைக்கப் பார்த்தார்கள். அரசு இரண்டு மருத்துவர்களையும் ஓர் அறுவை வைத்தியரையும் அனுப்பிச் சோதித்தது. அதே வீட்டில் இன்னொருவர் செத்தார். அதற்குப் பிறகு ஆறு வாரத்துக்குப் பட்டியலில் பிளேக் சாவே கிடையாது. ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் மொத்த எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, பாருங்கள். பிளேக் என்ற கட்டத்தில் சுழியம், கூட்டுத்தொகையில் 474.

இன்று 'மிகை மரணம்' என்று நிபுணர்கள் சொல்லும் கணக்கு இதுதான். வழக்கமாக எத்தனை பேர் சாவார்கள், இப்போது எத்தனை பேர் செத்திருக்கிறார்கள், வித்தியாசம் என்ன? காரணம் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பாதே, பிணத்தை எண்ணு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவலாசிரியர் இதை ஒரு கடைக்காரரின் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடைக்காரரைப் பற்றிக் கொஞ்சம். கதைசொல்லிக்குப் பெயர் கிடையாது, புத்தகத்தின் முடிவில் எச்.எஃப். என்று இரண்டு எழுத்து மட்டும். குதிரைச் சேணம் விற்கும் வியாபாரி, கல்யாணம் ஆகாதவர், ஆல்ட்கேட் பகுதிவாசி. அண்ணன் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பும்போது இவரையும் கூப்பிடுகிறார். போகலாமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாக யோசித்துவிட்டு இவர் தங்கிவிடுகிறார். டீஃபோவுக்கு 1665-ல் ஐந்து வயது இருக்கலாம். அவருடைய பெரியப்பாவோ சித்தப்பாவோ, ஹென்றி ஃபோ என்பவர் சேண வியாபாரியாக அதே ஆல்ட்கேட்டில் இருந்தவர். எழுத்து பொருந்துகிறது அல்லவா? புத்தகம் முதலில் வந்தபோது டீஃபோவின் பெயர் அதில் இல்லை. பிளேக் முழுக்க லண்டனிலேயே இருந்த ஒரு குடிமகன் எழுதியது என்றுதான் போட்டிருந்தது. இது நாவலா வரலாறா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. எண்களை அவர் பழைய பட்டியல்களிலிருந்து எடுத்திருக்கிறார், மனிதர்களைக் கேள்விப்பட்டும் கற்பனை செய்தும் எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒட்டவைத்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பட்டியல் ஏன் பொய் சொன்னது? லண்டனில் அன்று சாவுக்குக் காரணம் எழுதியது மருத்துவர் அல்ல. ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும் ஏழைக் கிழவிகள் இருவர் நியமிக்கப்பட்டிருப்பார்கள். பிணத்தைப் பார்த்து, இன்ன நோய் என்று சொல்லிவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொள்வார்கள். ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி 1662-லேயே இந்தப் பட்டியல்களை வைத்து ஒரு புத்தகம் போட்டார். மக்கள்தொகைப் புள்ளியியலின் தொடக்கமே அதுதான் என்பார்கள். ஒரு கோப்பை மதுவும் இரட்டைக் கூலியும் கொடுத்தால் கிழவிகள் காரணத்தை மாற்றிச் சொல்லிவிடுவார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். கிரான்ட் சொன்னது பால்வினை நோயைப் பற்றி. அங்கே மறைத்தது மானத்துக்காக. பிளேக்கில் மறைத்தது வேறு காரணத்துக்காக.

1665-ல் லண்டன் மேயர் போட்ட உத்தரவுகளை டீஃபோ அப்படியே புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார். வீட்டில் யாருக்காவது நோய்க்குறி தெரிந்தால் குடும்பத் தலைவர் இரண்டு மணி நேரத்துக்குள் விசாரணைக்காரரிடம் சொல்ல வேண்டும். (எங்கள் தொழிலில் இதை எஸ்.எல்.ஏ. என்போம்.) சொன்னால் என்ன நடக்கும்? கதவைப் பூட்டிவிடுவார்கள். கதவின் நடுவில் ஓர் அடி நீளத்துக்குச் சிவப்புச் சிலுவை, மேலே கடவுளே இரங்கும் என்று ஒரு வரி. பகலுக்கு ஒரு காவலாள், ராத்திரிக்கு ஒரு காவலாள். உள்ளே நோயாளியோடு சேர்ந்து நல்லா இருப்பவர்களும் அடைபட வேண்டும்: குழந்தைகள், வேலைக்காரப் பெண், வயசானவர்கள், எல்லோரும். ஆக, அப்பா உண்மையைச் சொன்னால் மொத்தக் குடும்பத்தையும் அவரே உள்ளே தள்ளிப் பூட்டியதாக ஆகும்.

ஒயிட்சாப்பலில் ஒரு வீட்டுக் கதை வருகிறது. வேலைக்காரப் பெண்ணுக்கு உடம்பில் புள்ளிகள். அவ்வளவுதான், அவள் பிழைத்தும்விட்டாள். ஆனால் வீடு நாற்பது நாள் அடைபட்டது. காற்றில்லாமல், பயத்திலும் ஆத்திரத்திலும் வீட்டு அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர்கள் இது பிளேக் இல்லை என்றார்கள். பார்க்க வந்த ஆட்கள் பிளேக்தான் என்று எழுதிவிட்டார்கள். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இப்படியே ஒவ்வொருவராகப் படுக்க, கடைசியில் சோதிக்க வந்தவர்களே உண்மையான நோயைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்கிறார் எச்.எஃப். இதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டில் காய்ச்சல் வந்தால் இரண்டு மணி நேரத்தில் ஓடிப்போய்ச் சொல்வாரா? காவலாளுக்கு லஞ்சம், பின்பக்க ஜன்னல் வழியாகத் தப்புவது, ஓரிடத்தில் காவலாள் மீது வெடிமருந்தைக் கொளுத்திவிட்டு நோயாளிகள் இருவரை உள்ளேயே விட்டுவிட்டுக் குடும்பம் ஓடுவது என்று இதன் தொடர்ச்சியாகத்தான் புத்தகம் நகர்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மென்பொருளில் பிழையைக் கண்டுபிடித்துப் பதிவுசெய்பவரே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும், வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நின்று விளக்கமும் சொல்ல வேண்டும். இரண்டே மாதத்தில் பதிவான பிழைகள் பாதியாகக் குறைந்தன. கஸ்டமர் புகார் ஒன்றுகூடக் குறையவில்லை. எண்ணுகிற கையும் தண்டிக்கிற கையும் ஒன்றாக இருந்தால் இதுதான் நடக்கும். டீஃபோவின் புத்தகத்தை நோயைப் பற்றிய புத்தகம் என்பதைவிட இந்த ஒரு சிக்கலைப் பற்றிய புத்தகம் என்றுதான் சொல்வேன்.

எங்கள் அடுக்ககத்திலும் நடந்தது. 2020 ஜூன் மாதம். சென்னையில் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் தெருவைத் தகரத்தால் அடைப்பதும் நடந்துகொண்டிருந்த சமயம். மூன்றாவது மாடியில் ஒரு பெரியவருக்குக் காய்ச்சல். அவர் மனைவி மொட்டைமாடியில் வற்றல் காயவைக்கும்போது என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தகரம் வெச்சு அடைச்சுட்டா பால்காரர்கூட வரமாட்டாரு." பெரியவர் தேறிவிட்டார். அம்மா தீபாவளி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பிறகு சொன்னபோது என் மனைவிக்குக் கோபம். "நம்ம வீட்லயும் குழந்தை இருக்குல்ல அத்தை?" அம்மா கேட்டார்: "நம்ம வீட்ல இவருக்குக் காய்ச்சல்னா நீ சொல்லியிருப்பியா?" என் மனைவி பதில் சொல்லாமல் குக்கரை இறக்கப் போய்விட்டாள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் நான் இரண்டு பேரோடும் ஒரே வீட்டில் இருப்பவன்.

இனி எண்களுக்குத் திரும்பலாம். 1665 ஆகஸ்ட் 22 முதல் 29 வரையிலான வாரத்தில் மொத்தம் 7,496 சாவு, அதில் பிளேக் 6,102. டீஃபோ தரும் அட்டவணையில் இது இருக்கிறது. அந்த வாரம் லண்டனில் இருந்த கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பிலும் இதே இரண்டு எண்களும் இருக்கின்றன. பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதியவர், அது அச்சில் வந்தது 1825-ல்தான். அதனால் டீஃபோ அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. இருவரும் ஒரே பட்டியலைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். 7,496-லிருந்து 6,102-ஐக் கழித்தால் 1,394. இவர்கள் எல்லாம் புள்ளிக் காய்ச்சல், பல் முளைப்பு, மிகையுணவு என்று பலபல காரணங்களால் செத்தவர்களாம்! சாதாரண வாரத்தில் எல்லா நோயும் சேர்ந்தே 300-ஐத் தாண்டாத ஊர் அது. பிளேக் அல்லாத சாவு மட்டும் நாலரை மடங்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு வருஷத்துக்கும் போட்டுப் பார்த்தேன். 1665-க்கான வருடாந்திரப் பட்டியலில் மொத்தம் 97,306, பிளேக் 68,596. மீதி 28,710. வாரத்துக்கு 300 என்று தாராளமாக வைத்தாலும் வருஷத்துக்கு 15,600. இன்னும் 13,110 சாவுகளுக்கு வேறு விளக்கம் வேண்டும். அவற்றையும் பிளேக்கில் சேர்த்தால் 81,700 வருகிறது. பணக்காரர்கள் ஊரைக் காலி செய்துவிட்டதால் அந்த வருஷம் வழக்கமான சாவு 15,600-ஐவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அப்போது பிளேக் எண் இன்னும் கூடும். எச்.எஃப். பிளேக்கில் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்குக் குறையாது என்கிறார். மிச்சமிருக்கும் இடைவெளி பட்டியலுக்குள் வராதவர்களுடையது. பீப்ஸும் அந்த ஆகஸ்ட் வாரத்தில் உண்மை எண் பத்தாயிரத்தை நெருங்கும் என்று ஊரில் பேசிக்கொள்வதை எழுதி, காரணம் இரண்டு சொல்கிறார்: கணக்கில் எடுக்க முடியாத அளவுக்கு ஏழைகள் செத்துக்கொண்டிருந்தார்கள், குவேக்கர் போன்ற பிரிவினர் தங்கள் சாவுக்குத் தேவாலய மணி அடிக்க விடுவதில்லை. ஆக இரண்டு விதமான பொய். ஒன்று, சாவு பதிவாகும், காரணம் மாறும். மற்றது, சாவே பதிவாகாது. முதலாவதைக் கழித்தல் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

பீப்ஸைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், குடும்பம் என்ற விஷயத்தில் டீஃபோவைவிடப் பீப்ஸே எனக்கு நெருக்கம். ஆள் ஒன்றும் உத்தமர் இல்லை. மனைவி எலிசபெத்தை வுல்விச்சுக்கு அனுப்பிவிட்டு ஊரில் இவர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வருஷம் தன் சொத்து 1,300 பவுண்டிலிருந்து 4,400 ஆனது என்று டிசம்பர் 31-ம் தேதி சந்தோஷமாகக் கணக்கெழுதி வைத்திருக்கிறார். ஆனால் செப்டம்பர் 3-ம் தேதிக் குறிப்பை மட்டும் படியுங்கள். ஒரு வியாபாரியும் மனைவியும் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். மற்றக் குழந்தைகள் எல்லாம் போய்விட்டன, மிச்சம் ஒன்றே ஒன்று. தாங்கள் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்து, அந்தக் குழந்தையைப் பிறந்தமேனிக்கு ஒரு நண்பர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவர் புதுத் துணி போட்டுக் கிரீனிச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார். பூட்டிய வீட்டிலிருந்து குழந்தையை எடுத்துவந்தது குற்றம் என்று புகார் வருகிறது. விசாரித்த கூட்டத்தில் பீப்ஸும் உண்டு. கதையைக் கேட்டபின், குழந்தை ஊரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே சட்டத்தை மீறினார்கள். ஒரே பத்தியில் முடிந்துவிடும் குறிப்பு. அந்த வியாபாரியும் சேணம் விற்பவர் என்பது தற்செயல்தான், ஆனாலும் படிக்கும்போது எச்.எஃப். ஞாபகம் வராமல் போகாது.

எதிர்ப்பக்கமும் அவரிடம் உண்டு. பீப்ஸின் மருத்துவர் பர்னெட் தன் வேலையாளுக்கு நோய் என்று தானே முன்வந்து சொல்லித் தன் வீட்டைத் தானே அடைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் என்று ஜூன் 11-ம் தேதி எழுதுகிறார். ஆகஸ்டில் பர்னெட் இறந்துபோனார். வசதியும் மரியாதையும் உள்ளவருக்கு உண்மை சொல்வது அந்த அளவுக்காவது சாத்தியமாக இருந்தது. தினக்கூலிக்காரர் நாற்பது நாள் அடைபட்டால் சாப்பாட்டுக்கு ஊர்க் காசை நம்பித்தான் இருக்க வேண்டும்.

டீஃபோவிடம் எனக்கு இரண்டு குறைகள். முதலாவது, மேயரையும் அதிகாரிகளையும் அவர் புகழும் விதம். ரொட்டி விலை ஏறவில்லை, பிணம் தெருவில் கிடக்கவில்லை என்று திரும்பத் திரும்பப் பாராட்டுகிறார். அதே மூச்சில் அவர்கள் போட்ட முக்கியமான உத்தரவு பயனற்றது, கொடுமையானது என்பதற்குக் கதைமேல் கதையாகச் சொல்கிறார். பார்க்க நன்றாக இருப்பவர்கள்தான் நோயைப் பரப்பினார்கள், அவர்களை எந்தக் கதவும் தடுக்கவில்லை என்பது அவருடைய வாதம். அறிகுறியற்ற தொற்று என்று நாம் 2020-ல் கற்றுக்கொண்டது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவர் ஏன் இப்படி வழவழா கொழகொழா என்று பேசுகிறார்? 1720-ல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் பிளேக் வந்து நாற்பது ஐம்பதாயிரம் பேர் செத்திருந்தார்கள். இங்கிலாந்துக்கும் வந்துவிடும் என்ற பயத்தில் அரசு 1721-ல் தொற்றுத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. நோய் வந்த ஊரையே படை வைத்துச் சுற்றி வளைக்கலாம் என்பது வரை அதில் இருந்தது. பலத்த எதிர்ப்பு வந்து சில பிரிவுகளை அடுத்த வருஷமே நீக்கினார்கள். டீஃபோ பத்திரிகைகளில் பேனா பிடித்துப் பிழைத்தவர், அரசாங்கத் தயவு தேவைப்பட்டவர். ஆட்சியாளர்களைப் பாராட்டிவிட்டுச் சட்டத்தைத் திட்டுவது பிழைக்கத் தெரிந்த எழுத்தாளரின் உத்தி என்றுதான் நான் படிக்கிறேன். பத்திரிகை படிக்கும் தமிழர்களுக்கு இந்த உத்தி ஒன்றும் புதிதில்லை.

இரண்டாவது குறை பெரியது. இது குடும்பங்களைப் பற்றிய புத்தகம், ஆனால் குடும்பத்துக்குள்ளிருந்து எழுதியது அல்ல. எச்.எஃப். தன் குடும்பம் என்று சொல்வது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவி, ஒரு வேலைக்காரப் பெண், தொழில் கற்க வந்த இரண்டு பையன்கள். அந்தக் காலத்தில் குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் இருக்கும் எல்லோரும் என்று பொருள். ஆனால் இந்த நால்வரில் ஒருவருக்கும் பெயர் இல்லை, பேச்சு இல்லை. அண்ணனுடைய கிடங்கில் புகுந்து தொப்பி போட்டு அழகு பார்க்கும் பெண்களுக்குக் கிடைக்கும் இடம்கூட (நல்ல வேடிக்கையான காட்சி அது) சொந்த வீட்டுக் கிழவிக்குக் கிடையாது. இதை எழுதும்போதே படகுக்காரர் ராபர்ட்டைச் சொல்லாமல் இருந்தால் அநியாயம். மனைவிக்கும் குழந்தைக்கும் நோய். இவர் படகிலேயே வசித்து, கப்பலில் ஒதுங்கியவர்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்து, கிடைத்ததை வீட்டுக்கு எட்டத்தில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறார். மனைவி வந்து எடுத்துக்கொள்கிறாள். வீடு அடைபடவில்லை; ஆனால் குடும்பம் தானாகவே இடைவெளியைக் கண்டுபிடித்துக்கொண்டது. அரசாங்கம் இல்லாமல் சரியாக நடந்த தனிமைப்படுத்தல் இது. டீஃபோவும் இதைத் தெரிந்துதான் அவ்வளவு பக்கம் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்ததும் ஆங்கில அரசு 1897-ல் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள், வீட்டார் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதே சட்டத்தைத்தான் 2020 மார்ச்சிலும் எடுத்தார்கள். 2020 ஜூலை 22-ம் தேதி, சென்னை மாநகராட்சிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, விட்டுப்போன 444 கொரோனா மரணங்களைத் தமிழக அரசு கணக்கில் சேர்த்தது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், 2021 இறுதி வரை இந்தியாவின் மிகை மரணம் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. அரசுக் கணக்கு 4.8 லட்சம். டெல்லி அந்தக் கணிதமுறையை ஏற்கவில்லை. முறையைப் பற்றிச் சண்டை போடலாம், போட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சண்டையை 444-ல் செய்ததுபோலப் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு போட்டால்தான் அர்த்தம் உண்டு.

எச்.எஃப். புத்தகத்தின் நடுவில் கொஞ்சநாள் விசாரணைக்காரராகவே நியமிக்கப்படுகிறார். எந்த வீட்டில் நோய் என்று கண்டுபிடித்துக் கதவை அடைக்கச் சொல்லும் அதே வேலை. மறுத்தால் தண்டனை. இரண்டு மாதம் பார்க்க வேண்டியதை மூன்று வாரத்தோடு நிறுத்திக்கொண்டு, காசு கொடுத்து வேறொருவரைத் தன் இடத்தில் அமர்த்திவிட்டுத் தப்பிக்கிறார். குழியின் நீள அகலத்துக்கும் அதில் போட்ட பிணத்துக்கும் எண் கொடுப்பவர், 1,114 என்று ஒன்றுகூட விடாமல் எண்ணுகிறவர், அந்த மூன்று வாரத்தில் தன் கையால் எத்தனை கதவுகளை அடைக்கச் சொன்னார் என்பதற்கு மட்டும் எண் கொடுக்கவில்லை.